வேட்பாளர் விலகிவிட்டார், அவருடைய பிரதிநிதிகள் யாருக்குச் சொந்தம்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

2024 ஜூலை 21ஆம் தேதி ஜோ பைடன் அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அன்று முதல் நம்மில் பலரும் கமலா ஹாரிஸைப் பற்றித்தான் பேசினோம். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் நம் துளசேந்திரபுரம் என்பதால் அது இயல்புதான். ஆனால் வரலாறு நடத்தியே காலம் கழித்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு வேறொரு கேள்விதான் மனதில் நின்றது. அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் 1.4 கோடிக்கும் அதிகமான மக்கள் பிரைமரி தேர்தல்களில் பைடனுக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஓட்டுகளின் பலனாக ஏறத்தாழ 3,900 பிரதிநிதிகள் அவர் பெயரில் தேர்வாகி, சிகாகோ மாநாட்டுக்குப் போகத் தயாராக இருந்தார்கள். தலைவர் விலகிவிட்டார். அந்த 3,900 பேர் என்ன ஆவார்கள்? அவர்கள் கையில் இருக்கும் ஓட்டு யாருடையது?

இந்தக் கேள்வி புதிதல்ல. அமெரிக்காவில் ஐம்பது அறுபது வருடமாக இதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு விடை எழுதுகிறார்கள். அடுத்த சிக்கல் வந்ததும் திருத்துகிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அடிப்படை. பிரைமரி என்பது கட்சிக்குள் நடக்கும் தேர்தல். மக்கள் ஓட்டுச் சீட்டில் வேட்பாளர் பெயரைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் அந்த ஓட்டு நேராக வேட்பாளரிடம் போய்ச் சேர்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பிரதிநிதிகள் என்று கட்சி ஒதுக்கியிருக்கும். மக்கள் போட்ட ஓட்டைப் பொறுத்து அந்த இடங்கள் வேட்பாளர்களுக்குப் பிரியும். அந்த இடங்களில் உட்காரும் பிரதிநிதிகள் கோடையில் நடக்கும் தேசிய மாநாட்டில் கூடி, யார் கட்சியின் வேட்பாளர் என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நவம்பர் தேர்தலுக்குப் பிறகு அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பிரதிநிதிகள் வெறும் எண்ணிக்கை அல்ல, ரத்தமும் சதையுமான மனிதர்கள். தொழிற்சங்கத்துக்காரர், வக்கீல், உள்ளூர்க் கட்சிப் பொறுப்பாளர், கல்லூரி மாணவர், ஆசிரியர் என்று எல்லாரும் இருப்பார்கள். 1980ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் தேசியக் கல்விச் சங்கம் என்ற ஆசிரியர் அமைப்பின் உறுப்பினர்கள் மட்டுமே நூற்றுக்கணக்கில் பிரதிநிதிகளாக இருந்தார்கள். இந்த மனிதர்களுக்கும் மனசாட்சி உண்டு, கோபம் உண்டு, ஆசை உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இனி 1968க்குப் போவோம். இந்த விஷயத்தில் அந்த வருடத்தைவிடப் பெரிய பாடம் கிடையாது.

அப்போது அதிபர் லிண்டன் ஜான்சன். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. மார்ச் 12ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் போரை எதிர்த்து நின்ற செனட்டர் யூஜின் மெக்கார்த்தி சுமார் 42 விழுக்காடு ஓட்டு வாங்கிவிட்டார். ஜான்சன் ஜெயித்தார், ஆனால் பதவியில் இருக்கும் அதிபருக்கு அது தோல்வி மாதிரியான வெற்றி. நான்கே நாளில், மார்ச் 16ஆம் தேதி, ராபர்ட் கென்னடியும் களத்தில் இறங்கினார். மார்ச் 31ஆம் தேதி ஞாயிறு இரவு தொலைக்காட்சியில் பேசிய ஜான்சன், பேச்சின் முடிவில் தான் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, விஸ்கான்சின் மாநிலத்தில் பிரைமரி. ஓட்டுச் சீட்டில் ஜான்சன் பெயர் இருக்கிறது. அவரோ போட்டியில் இல்லை. அப்படியும் மூன்றில் ஒருவருக்கு மேல் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். ஒரு மனிதர் விலகிவிட்டார் என்பதால் அவர் மேல் உள்ள பிடிப்பு மக்களிடம் உடனே விலகிவிடுவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஜான்சனுக்குப் பதிலாகத் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஏப்ரல் இறுதியில் களத்துக்கு வந்தார். அவர் ஒரு பிரைமரியில்கூட நிற்கவில்லை. நிற்கத் தேவையும் இருக்கவில்லை. அன்று மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுக்கு மேல் பிரைமரியே கிடையாது. அங்கெல்லாம் மாநிலக் கட்சித் தலைவர்கள் கூடிப் பேசிப் பிரதிநிதிகளை நியமித்தார்கள். ஜான்சனோடு இருந்த அந்தக் கட்சிக் கட்டமைப்பு பெரும்பாலும் ஹம்ப்ரியோடு போய்விட்டது. தலைவர் விலகினால் பிரதிநிதிகள் யாரிடம் போவார்கள் என்ற கேள்விக்கு அன்றைய முதல் விடை இது: கட்சி நிர்வாகம் கைகாட்டும் இடத்துக்குப் போவார்கள்.

ஆனால் கென்னடியின் பிரதிநிதிகள் கதை வேறு. ஜூன் 4ஆம் தேதி கலிபோர்னியா பிரைமரியில் கென்னடி ஜெயித்தார். ஜெயித்தவருக்கே மொத்த இடமும் என்பது அங்கே அன்றைய விதி. கென்னடிக்கு 46 விழுக்காடு, மெக்கார்த்திக்கு 42 விழுக்காடு. ஆனால் 174 பிரதிநிதிகளும் கென்னடி அணியினர்தான். வெற்றி உரையாற்றிவிட்டு இறங்கிய கென்னடி நள்ளிரவு தாண்டிச் சுடப்பட்டார். ஜூன் 6ஆம் தேதி காலமானார்.

யோசித்துப் பாருங்கள். சொத்து என்றால் வாரிசு உண்டு. உயில் இல்லாவிட்டாலும் சட்டம் வாரிசைக் காட்டும். மக்கள் ஒரு மனிதரை நம்பிக் கொடுத்த ஓட்டுக்கு வாரிசு யார்? அவருடைய பிரதிநிதிகள் நூற்றுக்கணக்கில் தனித்து நின்றார்கள். மெக்கார்த்தியும் போரை எதிர்த்தவர்தானே, அவரிடம் போயிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் இரண்டு மாதம் ஒருவரை ஒருவர் கடுமையாக எதிர்த்து ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர்கள். அந்தக் கசப்பு சாவோடு முடியவில்லை. சிலர் தம்பி எட்வர்டு கென்னடியை இழுத்துவரப் பார்த்தார்கள், அவர் மறுத்துவிட்டார். கடைசியில் ஆகஸ்ட் 10ஆம் தேதி, மாநாட்டுக்கு இரண்டே வாரம் இருக்கும்போது, கென்னடியின் நண்பரான செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தான் நிற்பதாக அறிவித்தார். நாதியற்று நின்ற பிரதிநிதிகளுக்கு ஒரு நிழல் வேண்டும் என்பதுதான் அதன் முக்கிய நோக்கம்.

தலைநகர் வாஷிங்டனின் பிரதிநிதிகள் இன்னொரு வழி கண்டார்கள். அங்கே கென்னடியின் பிரசாரத்தை நடத்தியவர் சானிங் பிலிப்ஸ் என்ற கறுப்பினப் பாதிரியார். தங்கள் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவரையே அதிபர் வேட்பாளராக முன்மொழிந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில் அதிபர் வேட்பாளராக முன்மொழியப்பட்ட முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான். அவருக்கு 67½ ஓட்டு கிடைத்தது. மெக்கவர்னுக்கு 146½. மெக்கார்த்திக்கு 601. ஹம்ப்ரிக்கு சுமார் 1,760. கலிபோர்னியாவின் 174 பேர் இவர்கள் எல்லாருக்குமாகச் சிதறிப் போனார்கள். ஒரே மனிதரை நம்பி மக்கள் கொடுத்த அதிகாரம் நான்கு திசையில் பிரிந்தது. ஒரு பிரைமரியில்கூட நிற்காதவர் வேட்பாளர் ஆனார்.

மாநாட்டு அரங்குக்கு வெளியே சிகாகோ தெருக்களில் போலீசார் இளைஞர்களை அடித்து நொறுக்கினார்கள். உள்ளே போருக்கு எதிரான தீர்மானம் தோற்றது. நவம்பரில் ஹம்ப்ரியும் நிக்சனிடம் தோற்றார்.

இந்த அவமானத்திலிருந்துதான் சீர்திருத்தம் பிறந்தது. மெக்கவர்ன் தலைமையிலும், அவருக்குப் பிறகு டொனால்டு ஃப்ரேசர் தலைமையிலும் இயங்கிய குழு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றியது. மூடிய அறையில் நியமிப்பது குறைந்தது. பிரைமரிகள் பெருகின. ஓட்டுப் போட்ட மக்களின் விருப்பம்தான் மாநாட்டில் எதிரொலிக்க வேண்டும் என்பது கொள்கையானது.

நல்ல கொள்கைதான். ஆனால் அதை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது? அந்தச் சிக்கல் 1980இல் வெடித்தது.

அதிபர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து, 1968இல் மறுத்த அதே எட்வர்டு கென்னடி நின்றார். தொடக்கத்தில் கார்ட்டர் தொடர்ந்து ஜெயித்தார். ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணைக்கைதிகளாகப் பிடிபட்டிருந்த நேரம் அது. மக்கள் முதலில் அதிபரின் பின்னால் திரண்டார்கள். மாதங்கள் ஓடின. கைதிகள் மீளவில்லை. விலைவாசி ஏறியது. கடைசி நாளான ஜூன் 3ஆம் தேதி நடந்த எட்டு பிரைமரிகளில் கலிபோர்னியா, நியூ ஜெர்சி உட்பட ஐந்தில் கென்னடி ஜெயித்தார். ஆனால் கணக்கு அதற்குள் முடிந்துவிட்டது. வேட்பாளராக 1,666 பிரதிநிதிகள் போதும். கார்ட்டரிடம் 1,900க்கு மேல் இருந்தார்கள்.

கென்னடி தரப்புக்கு மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். மாநாட்டு விதிகளில் எஃப்(3)(சி) என்று ஒன்று முன்மொழியப்பட்டிருந்தது. எந்த வேட்பாளர் பெயரில் தேர்வானாரோ அவருக்கே பிரதிநிதி முதல் சுற்றில் ஓட்டுப் போட வேண்டும். வேட்பாளர் எழுத்து மூலம் விடுவித்தால் மட்டுமே மாற்றிப் போடலாம். மீறப் பார்த்தால், ஓட்டெடுப்பு நடக்கும் அந்த நேரத்தில்கூட அவரை எழுப்பிவிட்டு வேறொருவரை உட்கார வைக்க வேட்பாளருக்கு அதிகாரம் உண்டு. எதிர்த்தவர்கள் இதை 'ரோபோ விதி' என்று கேலி செய்தார்கள்.

இரண்டு பக்க வாதத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஜனவரியில் ஓட்டுப் போட்டவரின் மனம் ஆகஸ்டில் மாறியிருக்கலாம்; நிலைமை மாறியதை உணர்ந்து முடிவெடுக்கத்தானே மனிதர்களை மாநாட்டுக்கு அனுப்புகிறோம், இல்லாவிட்டால் கணக்குப் போடும் இயந்திரம் போதாதா என்றது கென்னடி தரப்பு. கார்ட்டர் தரப்போ, கோடிக்கணக்கான மக்கள் ஓட்டுப் போட்டு முடித்த ஒன்றைச் சில ஆயிரம் பேர் ஓர் அரங்கில் கூடி மாற்றலாம் என்றால், 1968க்குப் பிறகு செய்த சீர்திருத்தம் எதற்கு என்று கேட்டது. இரண்டுமே நியாயமான கேள்விகள். அதனால்தான் எனக்கு இந்த நிகழ்ச்சி பிடிக்கும்.

ஆகஸ்ட் 11ஆம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஓட்டெடுப்பு நடந்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு வேண்டுமா என்று முடிவு செய்யும் ஓட்டெடுப்பில் யாருக்கும் கட்டுப்பாடு கிடையாது. அதாவது கார்ட்டரின் பிரதிநிதிகள் அன்று சுதந்திர மனிதர்கள். விரும்பினால் தங்களையே விடுவித்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் செய்யவில்லை. சுமார் 1,936க்கு 1,390 என்ற கணக்கில் விதி நிலைத்தது. கட்டுண்டு இருப்பதை அவர்களே மனமுவந்து தேர்ந்தெடுத்தார்கள். கொடுத்த வாக்கு வாக்குத்தான் என்று நினைத்தவர்கள் அவர்களில் பலர் என்றுதான் நான் எண்ணுகிறேன்.

அன்று இரவே கென்னடி விலகினார். மறுநாள் மாநாட்டில் அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. ஆனால் நம் கேள்விக்கு முக்கியமானது அடுத்த நாள் நடந்தது. பெயர் வாசித்து ஓட்டு எடுத்தபோது, விலகிவிட்ட கென்னடிக்குச் சுமார் 1,150 ஓட்டு விழுந்தது! தோற்றுவிட்டார் என்று தெரியும், போட்டியில் இல்லை என்றும் தெரியும். இருந்தாலும் எந்தப் பெயரைச் சொல்ல மக்கள் அனுப்பினார்களோ அந்தப் பெயரைச் சொல்லிவிட்டே அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

நவம்பரில் கார்ட்டர் ரீகனிடம் படுதோல்வி அடைந்தார். ரோபோ விதியை ஜனநாயகக் கட்சி பின்னர் கைவிட்டது. அதற்குப் பதிலாக இன்றும் உள்ள விதியின் சாரம் இதுதான்: பிரதிநிதி தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை நல்ல மனசாட்சியோடு பிரதிபலிக்க வேண்டும். கட்டளை போய், மனசாட்சி என்ற சொல் சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. எந்தச் சட்டத்துக்கும் அளவிட முடியாத சொல் அது.

இனி ஒரு சின்ன நுணுக்கம். அமெரிக்க வேட்பாளர்கள் 'விலகுகிறேன்' என்று பெரும்பாலும் சொல்வதில்லை. 'பிரசாரத்தை நிறுத்தி வைக்கிறேன்' என்றுதான் சொல்வார்கள். கௌரவத்துக்காக மட்டும் அல்ல. முறைப்படி விலகினால் பல இடங்களில் பிரதிநிதிகள் கைவிட்டுப் போவார்கள். ஜனநாயகக் கட்சியில், தொகுதி அளவில் பெற்ற பிரதிநிதிகள் வேட்பாளர் விலகினாலும் அவர் பெயரிலேயே இருப்பார்கள். மாநில அளவிலான இடங்களோ, அந்த ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் போட்டியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

2020இல் பெர்னி சாண்டர்ஸ் ஏப்ரல் 8ஆம் தேதி பிரசாரத்தை நிறுத்தினார். ஆனால் ஓட்டுச் சீட்டில் என் பெயர் இருக்கட்டும், பிரதிநிதிகளைச் சேர்ப்பேன் என்றார். தோற்றபின் பிரதிநிதிகள் எதற்கு? கட்சியின் கொள்கை அறிக்கையையும் விதிகளையும் எழுதும் குழுக்களில் இடம் கிடைக்கும். அங்கே கால் பங்கு பேர் இருந்தால் மாற்று அறிக்கையை மாநாட்டின் முன் வைக்கலாம். கடைசியில் பைடன் தரப்பே ஒப்பந்தம் செய்து, விதிப்படி சாண்டர்ஸ் இழக்க வேண்டிய மாநில அளவிலான இடங்களை அவரே வைத்துக்கொள்ள இசைந்தது. நியூயார்க்கில் பிரைமரியையே ரத்து செய்தார்கள். நீதிமன்றம் தலையிட்டு நடத்த வைத்தது.

குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு ஒரு விதி. அதன் விளைவை 2016இல் அலாஸ்கா அனுபவித்தது. அங்கே டெட் குரூஸுக்கு 12, டிரம்புக்கு 11, மார்கோ ரூபியோவுக்கு 5 என்று இடங்கள் பிரிந்திருந்தன. ரூபியோ மார்ச் மாதமே நிறுத்திவிட்டார். ஆனால் என் பிரதிநிதிகள் எனக்கே இருக்கட்டும் என்று மாநிலக் கட்சிகளுக்குக் கடிதம் எழுதியிருந்தார். கிளீவ்லாந்து மாநாட்டில் அலாஸ்கா குழு எழுந்து 12, 11, 5 என்று அறிவித்தது. மேடையில் பதிவானதோ, 28 ஓட்டும் டிரம்புக்கு! போட்டியில் எஞ்சியிருப்பவருக்கே மொத்த ஓட்டும் என்று மாநில விதியைக் காட்டினார்கள். அலாஸ்காக்காரர்கள் ஆட்சேபித்தும் பதிவு மாறவில்லை. டிரம்புக்கு அந்த ஓட்டுகள் தேவையே இல்லை. தங்கள் வாயால் சொன்ன எண்ணையே மாற்றி எழுதியதுதான் அவர்களைச் சுட்டது.

எல்லாம் சண்டையாகவே முடிவதில்லை. 2008இல் டென்வர் மாநாட்டில் ஹிலாரி கிளின்டன் முதலில் தன் பிரதிநிதிகளை விடுவித்தார். பிறகு பெயர் வாசிப்பு நடக்கும்போது நியூயார்க் குழுவோடு நின்று, ஓட்டெடுப்பை நிறுத்தி ஒபாமாவை ஒருமனதாக ஏற்போம் என்று அவரே முன்மொழிந்தார். 2024இல் நிக்கி ஹேலி மார்ச் 6ஆம் தேதி விலகி, ஜூலையில் தன் 97 பிரதிநிதிகளை விடுவித்து டிரம்புக்கு ஓட்டுப் போடச் சொன்னார். இதற்கிடையில் மே மாதம் இண்டியானாவில், போட்டியிலேயே இல்லாத அவருக்கு ஐந்தில் ஒருவருக்கு மேல் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

இப்போது மீண்டும் 2024 ஜூலைக்கு வருவோம். பைடன் விலகினார், அன்றே ஹாரிஸை ஆதரித்தார். ஆனால் தன் பிரதிநிதிகளை அவர் ஹாரிஸுக்கு மாற்றிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது, விதியில் அப்படி ஒரு வழி இல்லை. 3,900 பேரும் சட்டப்படி சுதந்திரமானவர்கள். மாநிலம் மாநிலமாக இணையவழியில் கூடிப் பேசினார்கள். மறுநாள் இரவுக்குள் தேவையான பெரும்பான்மை ஹாரிஸுக்குச் சேர்ந்துவிட்டது. வேறு யாராவது நிற்க விரும்பினால் 300 பிரதிநிதிகளின் கையெழுத்து வேண்டும். ஒரே மாநிலத்திலிருந்து 50க்கு மேல் கூடாது. வேறு யாருக்கும் அது சேரவில்லை. ஆகஸ்ட் 1 முதல் 5 வரை இணையவழியில் நடந்த ஓட்டெடுப்பில் 99 விழுக்காடு ஹாரிஸுக்கே.

விதிப்படி சரிதான். ஆனால் ஹாரிஸை அதிபர் வேட்பாளராக நினைத்து எந்த மாநிலத்திலும் ஒருவரும் அந்த ஆண்டு பிரைமரியில் ஓட்டுப் போடவில்லை என்ற குறை இருந்தது. பைடனோடு துணை அதிபராக அவரையும் சேர்த்துத்தானே மக்கள் ஏற்றார்கள் என்ற பதிலும் இருந்தது. அதே மாநாட்டில், காசா போரை எதிர்த்து 'யாருக்கும் இல்லை' என்று பதிந்த ஓட்டுகளால் தேர்வான முப்பது சொச்சம் பிரதிநிதிகளும் இருந்தார்கள். மேடையில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கரைப் பேச விடுங்கள் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. அரங்குக்கு வெளியே உட்கார்ந்து போராடினார்கள். ஊரும் அதே சிகாகோ.

இவ்வளவையும் படித்தபின் எனக்குப் படுவதைச் சொல்கிறேன். பிரதிநிதியின் ஓட்டு வேட்பாளரின் சொத்து அல்ல. அப்படி இருந்தால் அவர் விரும்பியவருக்கு எழுதி வைத்துவிடலாம். பிரதிநிதியின் சொந்தச் சொத்தும் அல்ல. அது மக்கள் அவரிடம் கொடுத்து வைத்த அடைக்கலப் பொருள். கொடுத்தவர் யாருக்காகக் கொடுத்தாரோ அந்த ஆள் இல்லாமல் போனால், எதற்காகக் கொடுத்தார் என்று யோசித்து நடந்துகொள்ள வேண்டும். 1968இல் மெக்கவர்ன் பக்கம் போனவர்களும், பாதிரியார் பிலிப்ஸை முன்மொழிந்தவர்களும், 1980இல் விலகிய கென்னடியின் பெயரையே சொன்னவர்களும் வெவ்வேறு வழியில் அதைத்தான் செய்யப் பார்த்தார்கள். ஒருவரும் வெற்றி பெறவில்லை. இருந்தாலும் அவர்களை அனுப்பிய வாக்காளர்கள் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை.

மனசாட்சியை விதியாக எழுதுவது கடினம். விதியே இல்லாமல் மனசாட்சியை மட்டும் நம்புவதும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அமெரிக்கக் கட்சிகள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

நீங்கள் அந்த 3,900 பேரில் ஒருவராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? என் பழைய மாணவர்கள் கட்டாயம் எழுதவும். மதிப்பெண் கிடையாது, பயப்பட வேண்டாம்.